நல்ல பிள்ளைகளின் தந்தை
அர்ச். லூயிஜி குவனெல்லா சுவாமியாரின் சரித்திரம்



ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு குடும்பம் வருகிறது. தகப்பன், தாய், மூன்று பிள்ளைகள். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் வீட்டிலே நாலாவது பிள்ளை ஒன்று பாட்டியோடு விடப்பட்டிருக்கிறது. அதற்குப் பேச்சுச் சரியாக வராது. வயது பதினைந்து ஆகியும் அறிவு ஐந்து வயதுக் குழந்தையின் அறிவு. கோவிலிலே சத்தம் போட்டுவிடுமோ, பிறர் திரும்பிப் பார்ப்பார்களோ என்று பெற்றோர் கூசுகிறார்கள். விருந்தாளி வந்தால் அந்தப் பிள்ளை உள்ளறைக்குப் போய்விட வேண்டும். அக்காளைப் பெண் பார்க்க வரும் நாளிலோ, அதை அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவில் இல்லை என்று சொல்வீர்களா? ஒருவேளை அது உங்கள் வீடாகவே இருக்கலாம்.

அப்படியானால் இந்தச் சரித்திரத்தைச் சற்று நிதானமாய் வாசியுங்கள். உலகம் கழித்துப்போட்ட இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டார் ஆக்கிக்கொண்டு, அவர்கள் கையைக் கொண்டே ஒரு ஊரை எழுப்பிக் காட்டிய குருவானவர் ஒருவரின் சரித்திரம் இது.

மலைநாட்டுச் சிறுவன்

இத்தாலி தேசத்தின் வடகோடியில், சுவிட்சர்லாந்து எல்லையை அடுத்து, ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே பிராச்சீஷோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு 1,300 மீட்டருக்கு மேலான உயரம்; நீண்ட பனிக்காலம்; கல்லும் புல்லுமான நிலம். அங்கே 1842-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 19-ம் தேதி, லொரென்சோ குவனெல்லா என்பவருக்கும் மரியா பியாங்கி என்பவளுக்கும் ஒன்பதாவது பிள்ளையாய் லூயிஜி பிறந்தான். நம் பக்கத்தில் ஞானப்பிரகாசம் என்று வழங்கும் பெயரே இத்தாலியர் வாயில் லூயிஜி. பிள்ளைகள் மொத்தம் 13 பேர். தகப்பன் கண்டிப்பானவர், ஊர்ப் பொறுப்பையும் நீண்டகாலம் வகித்தவர். தாய் இளகிய மனத்தவள். வீட்டிலே உழைப்பும் செபமும் குறைவில்லாமல் இருந்தன, காசுதான் குறைவு.

அவனுடைய சிறுவயதைப் பற்றி இரண்டு சம்பவங்களைச் சொல்வார்கள். தமக்கை கத்தரீனாவும் அவனும் பாறைக் குழிகளில் மண்ணையும் தண்ணீரையும் குழைத்து, பெரியவர்களானால் ஏழைகளுக்கு இப்படித்தான் கஞ்சி காய்ச்சுவோம் என்று விளையாடுவார்களாம். நம் பிள்ளைகள் சிரட்டையில் மண்சோறு சமைப்பதில்லையா, அதைப் போலத்தான். மற்றொரு முறை, அர்ச். ரோக் என்னும் ஆரோக்கியநாதர் திருநாளன்று அவன் கையில் கொஞ்சம் மிட்டாய் இருந்தது. கிழவர் ஒருவர் கையேந்தி நிற்பதைக் கண்டான். கொடுக்க மனமின்றி மிட்டாயை ஒளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கிழவரைக் காணோம். அந்த ஏந்திய கை அவர் ஆயுள் முழுவதும் நெஞ்சை விட்டு அகலவில்லை. சர்வேசுரன் ஒருவனை ஆட்கொள்ள ஒரு பிடி மிட்டாயையும் உபயோகிக்கிறார்.

பன்னிரண்டாம் வயதில் கோமோ நகரத்துக் கல்லூரியில் இலவச இடம் கிடைத்துப் படிக்கப் போனான். பின்னர்க் குருமடம் சேர்ந்து, 1866-ம் ஆண்டு மே மாதம் 26-ம் தேதி குருப்பட்டம் பெற்றார்.

அலைந்து திரிந்த ஆண்டுகள்

மறு ஆண்டு அவர் சவோஞ்ஞோ என்ற மலைக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். கீழேயிருந்து அங்கே போக வேண்டுமானால் 2,800-க்கு மேற்பட்ட கற்படிகள் ஏற வேண்டும். எட்டு வருஷம் அங்கே பூசை வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராகவும் இருந்தார். அக்காலத்து இத்தாலிய அரசாங்கம் திருச்சபையோடு பகைத்திருந்தது. இந்த இளங்குருவோ நாவையும் பேனாவையும் அடக்கிக்கொள்ளும் சுபாவமுடையவர் அல்ல. ஜனங்களுக்காக ஒரு புத்திமதிப் புத்தகம் எழுதி வெளியிட்டார். அதிகாரிகள் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

1875-ல் தூரின் நகரம் சென்று அர்ச். தொன் போஸ்கோவோடு சேர்ந்தார். மூன்று வருஷம் அவரிடமிருந்து கற்றார். அடித்துத் திருத்துவதைவிட, அன்பினால் சூழ்ந்து நின்று தவறு நேராமல் காப்பதே மேல் என்ற பாடம் அவருடைய இரத்தத்தில் கலந்தது. அதே நகரத்தில் அர்ச். கொத்தொலெங்கோ ஸ்தாபித்த தேவ பராமரிப்பின் சிறிய இல்லமும் இருந்தது. எந்த ஆஸ்பத்திரியும் ஏற்காத நோயாளிகளுக்கும் அறிவு குறைந்தவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. இதைக் கண்ட குவனெல்லா சுவாமியாரின் மனம், தம் சொந்த மலைநாட்டு ஜனங்களை நினைத்து ஏங்கியது.

1878-ல் அவருடைய மேற்றிராணியார் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். த்ரவோனா என்ற ஊரில் பள்ளி ஒன்று திறந்தார். அதிகாரிகள் அதை மூடிவிட்டார்கள். பிறகு ஒரு மூலைக் கிராமத்துக்குப் போகவேண்டியதாயிற்று. வயது 38 ஆகிவிட்டது. எடுத்த காரியம் ஒன்றும் நிலைக்கவில்லை. வாசகர்களே, தோல்வியிலேயே பாதி ஆயுள் கழிந்துவிட்டதென்று நினைப்பவர்கள் உங்களில் இருந்தால், இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1881-ம் ஆண்டு கடைசியில், கோமோ ஏரிக்கரையிலுள்ள பியனெல்லோ என்ற ஊருக்கு அவர் விசாரணைக் குருவாக வந்தார். அவருக்கு முன்னிருந்த கொப்பீனி சுவாமியார் அநாதைப் பிள்ளைகளுக்கும் முதியோருக்குமாக ஒரு சிறு இல்லம் தொடங்கிவிட்டு மரித்திருந்தார். மார்சலீனா பொசாத்தா, அவள் தங்கை தீனா முதலிய சில இளம்பெண்கள் அதை நடத்திவந்தார்கள். புதுக் குருவைப் பற்றி ஊரில் உலவிய பேச்சைக் கேட்டு அவர்கள் முதலில் தயங்கினார்கள். பின்பு அவருடைய பக்தியையும் உழைப்பையும் கண்டு அவரைத் தகப்பனாக ஏற்றுக்கொண்டார்கள். இந்தச் சிறு கூட்டமே பின்னால் தேவ பராமரிப்பு மரியாயின் புதல்வியர் என்ற கன்னியர் சபையாயிற்று. தீனா, கிளாரா என்ற பெயருடன் 1887-ல் இளவயதிலேயே மரித்தாள். 1991-ல் திருச்சபை அவளை முத்திப்பேறு பெற்றவள் என்று அறிவித்தது.

1886-ல் சில கன்னியரும் அநாதைப் பிள்ளைகளும் தட்டுமுட்டுச் சாமான்களோடு படகேறி, ஏரி வழியாய்க் கோமோ நகரம் சேர்ந்தார்கள். அங்கே ஒரு வீட்டில் தேவ பராமரிப்பு இல்லம் ஆரம்பமாயிற்று.

ஒரே கூரையின் கீழ்

அந்த வீட்டை நோவேயின் பெட்டகம் என்று சொன்னாலும் தகும். அநாதைப் பிள்ளைகள், கைவிடப்பட்ட கிழவர் கிழவிகள், வேலை தேடி நகரம் வந்த ஏழைப் பெண்கள், நோயாளிகள், இவர்களோடுகூட அறிவு வளர்ச்சி குறைந்த ஆண்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். சில வருஷங்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் அங்கே உண்டு உறங்கி வாழ்ந்தார்கள்.

அந்த மலைநாட்டில் அறிவு குறைந்த பிள்ளைகள் அதிகம் பிறந்தார்கள் என்பதை நீங்கள் அறிய வேண்டும். அதன் காரணம் இன்று நமக்குத் தெரியும். பனியும் மழையும் மலை மண்ணிலிருந்த அயோடின் சத்தைக் கழுவிக் கொண்டுபோய்விட்டன. அந்த மண்ணில் விளைந்த உணவில் அது போதவில்லை. அதனால் பலருக்குக் கழுத்தில் கழலை வந்தது. கர்ப்பவதியான தாய்க்கு அந்தச் சத்துக் குறைந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். சுவிட்சர்லாந்தில் 1922 முதல் உப்பிலே அயோடினைக் கலந்து விற்கத் தொடங்கிய பிறகு இந்தக் கொடுமை குறைந்துபோயிற்று. உங்கள் சமையலறையில் இருக்கும் அயோடின் உப்பும் இதே காரணத்துக்காக வந்ததுதான். அறிவுக் குறைவுக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் எந்தக் காரணத்தாலானாலும், அது பெற்றோரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அல்ல. பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று சேசுநாதரே தீர்த்துச் சொல்லிவிட்டாரே!

அக்காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு உலகம் இட்ட பெயர் கிரெட்டின் என்பது. இன்றும் ஐரோப்பியர் அதை வசைச்சொல்லாகவே வழங்குகிறார்கள். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆல்ப்ஸ் மலையோரத்துப் பேச்சுவழக்கில் கிறிஸ்தவன் என்பதற்கு வழங்கிய சொல்லிலிருந்தே அது பிறந்ததென்று சொல்லாராய்ச்சிக்காரர் கூறுகிறார்கள். இவனும் மிருகமல்ல, நம்மைப்போல் ஞானஸ்நானம் பெற்ற ஓர் ஆத்துமம் என்று நினைவூட்டப் பிறந்த சொல், மனிதர் வாயில் வசையாய் மாறிப்போயிற்று!

குவனெல்லா சுவாமியார் அந்தப் பெயரை விட்டுவிட்டார். தம் இல்லத்திலிருந்த இவர்களுக்கு அவர் வழங்கிய பெயர் நல்ல பிள்ளைகள் என்பது. வெறும் செல்லப் பெயர் அல்ல அது. பிள்ளை என்று சொல்லிவிட்டால் அவனுக்குத் தகப்பன் உண்டு, சகோதரர் உண்டு, வீட்டில் பங்கு உண்டு. அவர் இல்லங்கள் ஒரு குடும்பத்தைப்போல் நடக்க வேண்டும் என்பதே அவர் வைத்த சட்டம். குருக்களும் கன்னியரும் மேற்பார்வைக்காரரைப்போல் தள்ளி நில்லாமல், அவர்களோடு ஒரே குடும்பமாய் வாழ வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் சக்திக்கு ஏற்ற வேலை உண்டு. பிறர் சோற்றை உண்டுகொண்டு மூலையில் கிடப்பவன் என்ற அவமானம் ஒருவருக்கும் வரக்கூடாதென்பது அவர் கருத்து.

இத்தனை பேருக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவரிடம் சொத்து இல்லை. கையேந்தினார். 1892-ல் தேவ பராமரிப்பு என்ற பெயரில் ஒரு சிறு மாதப் பத்திரிகை தொடங்கி, இல்லத்தின் செய்திகளையும் தேவைகளையும் உபகாரிகளுக்கு அறிவித்தார். சிறுவயதில் கிழவருக்கு மறுத்த கை, ஏழைகளுக்காகத் தானே ஏந்தப் பழகிக்கொண்டது.

சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர்

இனி இந்தச் சரித்திரத்தின் முக்கியமான பாகத்துக்கு வருகிறோம்.

கோமோ ஏரியின் வடமுனையில், அத்தா என்ற ஆறு ஏரியில் கலக்கும் இடத்தருகே, பரந்த சமவெளி ஒன்று உண்டு. முற்காலத்தில் ஸ்பெயின் தேசத்தார் அங்கே கோட்டை கட்டி ஆண்டபடியால் அதற்கு ஸ்பெயின் சமவெளி என்று பெயர். ஒலோனியோ என்ற பழைய ஊர் அங்கே இருந்தது. ஆற்று வெள்ளத்தாலும் சதுப்பு நிலக் காய்ச்சலாலும் அது பாழடைந்து, நாணலும் கொசுவும் நிறைந்த இடமாய்க் கிடந்தது. மலேரியாக் காய்ச்சலைக் கொண்டுவருவது கொசுதான் என்று விஞ்ஞானிகள் நிரூபித்ததே 1897, 1898-ம் ஆண்டுகளில்தான். அதற்கு அடுத்த வருஷங்களில் குவனெல்லா சுவாமியார் அங்கே நிலம் வாங்கினார்.

யாரைக் கொண்டு அதைத் திருத்தினார் என்று நினைக்கிறீர்கள்? தம் நல்ல பிள்ளைகளைக் கொண்டுதான். அவர்களோடு மற்ற வேலைக்காரரும் குருக்களும் சேர்ந்துகொண்டார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள், நாணலை அறுத்தார்கள், மண்ணை அணைத்தார்கள். எழுதப் படிக்க வராத கைகளுக்கு மண்வெட்டி பிடிக்க வந்தது. கணக்குத் தெரியாதவனுக்கும் இன்று வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. வெளிக்காற்றும், உடலுழைப்பும், வேலை முடிந்தால் செபமும், வயிறாரச் சாப்பாடும், கூடவே உழைக்கும் தோழரும். பூட்டிய அறையிலே கிடந்திருந்தால் இவர்களுக்குக் கிடைத்திருக்குமா இவை?

சுமார் 1900-ம் ஆண்டில் அங்கே ஒரு கோவிலும் அதைச் சுற்றி வீடுகளும் எழும்பின. உலக இரட்சகர் பேரால் அர்ப்பணிக்கப்பட்ட அந்தக் கோவிலைச் சுற்றி வளர்ந்த ஊருக்குப் புது ஒலோனியோ என்று பெயர். காய்ச்சலுக்கு அஞ்சி மனிதர் ஓடிப்போன இடத்துக்கு மனிதர் திரும்பி வந்தார்கள்.

வாசகர்களே, இதைச் சற்று யோசியுங்கள். ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று எவர்களைச் சொந்த ஊர்கள் ஒதுக்கினவோ, அவர்கள் காயவைத்த நிலத்தில்தான் இன்று புத்திசாலிகள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்! புது ஒலோனியோ இன்றும் இருக்கிறது. உழைப்பின் மாதா பேரால் குவனெல்லா சபையார் நடத்தும் இல்லமும் அங்கே இருக்கிறது. நாம் தர்மம் செய்ய, இவர்கள் வாங்கிக்கொள்ள என்று மட்டும் எண்ணியிருந்தோம். இவர்களுக்கும் கொடுக்க ஒன்று உண்டு. அதைக் கொடுக்க இடம் தராதது நம்முடைய குற்றம் என்பதை அந்த ஊர் மௌனமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பாப்பரசரின் சிநேகிதர்

அவருடைய வேலை ரோமாபுரிக்கும் பரவியது. பாப்பரசராயிருந்த அர்ச். 10-ம் பத்திநாதர் அவருக்கு உற்ற சிநேகிதர். 1908-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ம் தேதி, அவரும் அவருடைய முதல் தோழர்களும் வார்த்தைப்பாடு கொடுத்து, பரசிநேக ஊழியர் சபை என்ற குருக்கள் சபை உருவாயிற்று. மரிப்போருக்காக வேண்டிக்கொள்ளும் அர்ச். சூசையப்பரின் நன்மரணச் சபையையும் அவரே ஸ்தாபித்தார். அதில் முதலாவதாகப் பெயர் பதிந்துகொண்டவர் பாப்பரசரே.

இதே பாப்பரசர்தான் 1910-ல் சிறு பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்க வழி திறந்தவர். சாதாரண அப்பத்துக்கும் தேவநற்கருணைக்கும் உள்ள வேற்றுமையைத் தன் சக்திக்குத் தக்கபடி பிள்ளை அறிந்தால் போதும். முழு ஞானோபதேசமும் மனப்பாடமாயிருக்க வேண்டியதில்லை என்பது அந்தச் சட்டத்தின் சாரம். நம் வீட்டு நல்ல பிள்ளையின் விஷயத்திலும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா? செபங்களை ஒழுங்காய்ச் சொல்ல வராதவன், பீடத்தைக் கண்டதும் கைகூப்பி நிற்கிறானே. அவனுக்கு ஒன்றும் தெரியாதென்று நாம் எப்படித் தீர்ப்பிடலாம்?

எழுபதாம் வயதில், 1912-ம் ஆண்டு முடிவில், அவர் கப்பலேறி அமெரிக்கா சென்று, பிழைப்புத் தேடிப் போயிருந்த இத்தாலிய ஏழைகளின் நிலையைக் கண்டு திரும்பினார். மறு வருஷமே கன்னியரை அங்கே அனுப்பினார். 1915-ம் ஆண்டு ஜனவரி மாதம் 13-ம் தேதி நடு இத்தாலியில் கொடிய பூகம்பம் உண்டாயிற்று. 72 வயதுக் கிழவர், அந்தப் பனிக்காலத்தில் இடிபாடுகளுக்கு நடுவே போய், அநாதையானவர்களைத் தம் இல்லங்களில் சேர்த்துக்கொண்டார். அதே வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் பாரிசவாதம் கண்டு படுத்தார். 1915-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ம் தேதி, கோமோ நகரத்தில், தம் பிள்ளைகளின் நடுவே உயிர் நீத்தார். அந்நகரத்துத் திரு இருதயக் கோவிலில் அவர் சரீரம் வைக்கப்பட்டிருக்கிறது.

1964-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டமும், 2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 23-ம் தேதி பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் கொடுத்தார்கள். அவருடைய சபையார் நம் தமிழ்நாட்டிலும் இல்லங்கள் நடத்திவருகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

இந்தச் சரித்திரத்தை வாசித்துவிட்டு, இப்படிப்பட்டவர்களைக் கவனிக்கச் சபையார் இருக்கிறார்கள், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். குவனெல்லா சுவாமியார் முதலில் கட்டியது ஆஸ்பத்திரி அல்ல, வீடு. உங்களுக்கோ வீடு ஏற்கெனவே இருக்கிறது!

பெற்றோரே, உங்கள் பிள்ளையை அவன் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். ஊரார் இட்ட பட்டப்பெயரை உங்கள் வாயில் எடுக்காதேயுங்கள். பந்தியில் அவனுக்கும் இலை போடுங்கள். தண்ணீர் எடுத்துவைப்பதோ, பூச்செடிக்கு நீர் விடுவதோ, அவனால் ஆன ஒரு வேலையை அவனுக்கென்று விடுங்கள், தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவனைப் பூசைக்கு அழைத்துவாருங்கள். புதுநன்மையைப் பற்றி உங்கள் குருவானவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

அயலாரே, அந்தப் பிள்ளை கோவிலில் சத்தமிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதேயுங்கள். அந்தத் தாய் இங்கே வர எத்தனை நாள் யோசித்திருப்பாளோ! நகர்ந்து இடம் கொடுங்கள். உங்கள் பிள்ளைகளை அவனோடு விளையாட விடுங்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அழைக்கும்போது, அவனும் வரவேண்டும் என்று அவன் பெயரைச் சொல்லி அழையுங்கள். விருந்து செய்தால் திருப்பி அழைக்க இயலாதவர்களை அழைக்கும்படி நம் ஆண்டவர் கற்பித்தது இதைத்தானே.

பூசையிலே அந்தக் குடும்பத்துக்கு அருகில் ஒரு இடம் காலியாயிருக்கிறது. நாலாவது பிள்ளையின் இடம் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்குமா என்பது பெற்றோர் கையில் பாதி, நம் கையில் பாதி இருக்கிறது.

அர்ச். லூயிஜி குவனெல்லாவே, எங்கள் வீடுகளிலும் எங்கள் பங்கிலும் உள்ள நல்ல பிள்ளைகளுக்காகவும், அவர்களை இன்னும் பிள்ளைகளென்று ஏற்காத எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.